சேர் சி. வி. இராமன்: ஒளியையும் கண்ணையும் ஆராய்ந்த அறிஞர்



க.பொ.த. சாதாரண தர விஞ்ஞான பாடத்தில் ஒளியைப் பௌதிகவியற் பகுதியிலும் கண்ணை உயிரியற் பகுதியிலும் நீங்கள் தனித்தனியே கற்கின்றீர்கள். வினாத்தாளிலும் அவை பெரும்பாலும் தனித்தனி வினாக்களாகவே வருகின்றன. ஆனால் ஒளி இல்லாவிடின் கண்ணுக்கு வேலை இல்லை. கண் இல்லாவிடின் நிறம் என்ற அனுபவமே இல்லை. இவ்விரண்டையும் தமது வாழ்நாளில் ஆராய்ந்த ஒரு தமிழ் அறிஞரின் வரலாற்றை இங்கு தருகின்றோம். அவருடைய வெற்றிகளை மட்டுமன்றி, விஞ்ஞான உலகம் ஏற்றுக்கொள்ளாத அவருடைய கருத்தொன்றையும் இதிற் காண்பீர்கள். இரண்டிலிருந்தும் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியவை உள்ளன.

1. இளமையும் கல்வியும்

சந்திரசேகர வேங்கட இராமன் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவானைக்காவலிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளுள் இராமன் இரண்டாமவர். தந்தையார் கணிதமும் பௌதிகவியலும் கற்பித்தவர். அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் விரிவுரையாளர் பதவி கிடைத்ததால், 1892 ஆம் ஆண்டிற் குடும்பம் அங்கு குடிபெயர்ந்தது. வீட்டில் செல்வம் குறைவாக இருந்தாலும் புத்தகங்களுக்குக் குறைவிருக்கவில்லை.

இராமன் தமது 11 ஆவது வயதிலேயே மெற்றிக்குலேசன் பரீட்சையில் சித்தியடைந்தார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து 1904 இல் இளமாணிப் பட்டத்தையும், 1907 இல் முதுமாணிப் பட்டத்தையும் உயர்ந்த சித்திகளோடு பெற்றார். இளமாணிப் பரீட்சையிற் பௌதிகவியலுக்கான தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது.

மாணவராக இருந்தபோதே அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். செவ்வக வடிவான துவாரமொன்றினூடாக ஒளி செல்லும்போது ஏற்படும் கோணற் பட்டிகள் இரு பக்கமும் சமச்சீராக அமையாதிருப்பதை அவதானித்து, அதுபற்றிக் கட்டுரை எழுதினார். அது 1906 இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற விஞ்ஞான சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

இவ்வளவு திறமையுள்ள மாணவர் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வதே அக்கால வழக்கம். ஆனால் அவரைப் பரிசோதித்த அரச வைத்தியர், அந்நாட்டுக் குளிரை அவரது உடல் தாங்காது எனக் கூறிவிட்டார். பயணம் கைவிடப்பட்டது. அக்காலத்தில் இந்தியாவில் ஆராய்ச்சியாளராக வாழ்வதற்கு வழிகள் மிகக் குறைவு. எனவே இராமன் நிதிச் சேவைப் பரீட்சைக்குத் தோற்றி முதலிடம் பெற்றார். 1907 இல் லோகசுந்தரி அம்மாளை மணந்து, அதே ஆண்டில் கல்கத்தாவில் உதவிக் கணக்காளர் நாயகமாகப் பதவியேற்றார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

2. காரியாலயமும் ஆய்வுகூடமும்

கல்கத்தாவின் பௌபஜார் வீதியில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்ற நிறுவனம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர் 1876 இல் அதனை நிறுவியிருந்தார். ஆய்வுகூடமும் கருவிகளும் இருந்தன, பயன்படுத்துவோர்தாம் இல்லை. இராமன் அந்நிறுவனத்தைத் தேடிச் சென்று அங்கு ஆராய்ச்சி செய்ய அனுமதி பெற்றார்.

அன்றிலிருந்து அவரது நாள் இரண்டாகப் பிரிந்தது. காலையிற் காரியாலயத்திற்குச் செல்லும் முன்னர் ஆய்வுகூடம். பகலில் அரசாங்கக் கணக்குகள். மாலையில் மீண்டும் ஆய்வுகூடம். 1909 இல் இரங்கூனுக்கும் 1910 இல் நாக்பூருக்கும் இடமாற்றம் கிடைத்தது. 1911 இல் மீண்டும் கல்கத்தாவுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இசைக் கருவிகளின் ஒலி, நரம்புகளின் அதிர்வு என்பன பற்றி அக்காலத்தில் அவர் பல கட்டுரைகளை வெளியிட்டார்.

1917 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பௌதிகவியற் பேராசிரியர் பதவியொன்றை அவருக்கு வழங்க முன்வந்தது. அரசாங்கப் பதவியிற் கிடைத்த சம்பளத்தைவிட இதிற் கிடைப்பது மிகக் குறைவு. உயர் பதவியையும் ஓய்வூதியத்தையும் விட்டுச் செல்வது அறிவீனம் எனக் கருதக்கூடிய காலம் அது. இராமன் தயங்கவில்லை. அரச சேவையிலிருந்து விலகிப் பேராசிரியரானார்.

3. கடல் ஏன் நீலமாகத் தெரிகின்றது?

1921 இல் ஒக்ஸ்போர்டில் நடைபெற்ற பல்கலைக்கழக மாநாட்டிற்கு இராமன் சென்றார். அவர் ஐரோப்பா சென்றது அதுவே முதற் தடவை. நாடு திரும்பும் வழியில் கப்பலின் மேற்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீல நிறத்தைக் கண்டார்.

வானத்தின் நீலத்திற்கு இங்கிலாந்து அறிஞர் ரேலே பிரபு ஏற்கனவே விளக்கம் கூறியிருந்தார். வளியிலுள்ள மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறச் செய்கின்றன. அலைநீளம் குறைந்த நீல ஒளி, அலைநீளம் கூடிய சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்கிற்கு மேல் கூடுதலாகச் சிதறுகின்றது. எனவே வானம் நீலமாகத் தெரிகின்றது. கடலின் நீலமோ வானத்தின் நீலம் நீரிற் பட்டுத் தெறிப்பதால் வருவது என்பதே ரேலேயின் கருத்தாக இருந்தது.

இராமனுக்கு அது சரியெனப் படவில்லை. நீர்ப் பரப்பிற் பட்டுத் தெறித்து வரும் ஒளியை மறைக்கக்கூடிய நிக்கல் அரியம் ஒன்று அவரிடம் இருந்தது. அதனூடாகக் கடலைப் பார்த்தார். தெறித்த வானொளி மறைந்தது. கடலின் நீலமோ மறையவில்லை. முன்னரிலும் தெளிவாகத் தெரிந்தது. எனவே அந்நீலம் நீருக்குள்ளிருந்தே வருகின்றது, நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். கப்பல் பம்பாயை அடைந்ததும் இதுபற்றிய குறிப்பை இங்கிலாந்துச் சஞ்சிகைக்கு அனுப்பிவைத்தார். நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதும் இந்நீலத்திற்கு முக்கிய காரணம் என இன்று அறிவோம்.

கண்டியில் வாழும் நீங்கள் இதனை உங்கள் ஊரிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண்டி வாவியின் நீர் பல நாட்களிற் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் அதில் வளரும் நுண்ணிய அல்காக்கள். பேராதனைப் பூங்காவைச் சுற்றி ஓடும் மகாவலி, பெருமழைக்குப் பின்னர் கபில நிறமாகின்றது. மலைச் சரிவுகளிலிருந்து அடித்து வரப்படும் மண் துணிக்கைகளே அதற்குக் காரணம். ஆழ்கடலிலோ இவை மிகக் குறைவு. மூன்று இடங்களிலும் விழுவது ஒரே சூரிய ஒளி. நீரில் என்ன இருக்கின்றது என்பதைப் பொறுத்தே எந்த நிற ஒளி திரும்பி உங்கள் கண்ணை அடையும் என்பது தீர்மானிக்கப்படுகின்றது.

4. இராமன் விளைவு

கல்கத்தா திரும்பிய இராமன், திரவங்கள், வாயுக்கள், பளிங்குகள் ஆகியவற்றில் ஒளி சிதறும் முறையைத் தமது மாணவர்களுடன் ஆராய்ந்தார். சிதறிய ஒளியில் மிக மங்கலான வேறொரு நிறமும் கலந்திருப்பதை 1923 இல் அவரது மாணவர் கே. ஆர். இராமநாதன் கண்டார். திரவத்திலுள்ள அழுக்கினால் இது ஏற்படுகின்றது என முதலில் எண்ணினர். திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மையாக்கியும் அந்த மங்கலான ஒளி நீங்கவில்லை.

1928 இன் தொடக்கத்தில் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து இராமன் இதனைத் தீவிரமாக ஆராய்ந்தார். பரிசோதனை எளிமையானது. சூரிய ஒளியை வில்லைகளால் ஒருங்கச் செய்து, ஊதா வடிகட்டியினூடாகத் தூய திரவத்தின் மீது விழச் செய்தனர். பின்னர், அந்த ஊதா ஒளியை முற்றாகத் தடுக்கும் இன்னொரு வடிகட்டியினூடாகத் திரவத்தைப் பார்த்தனர். உள்ளே சென்ற ஊதா ஒளி மாறாமல் வெளிவருமாயின் எதுவுமே தெரியக்கூடாது. ஆனால் மங்கலான பச்சை ஒளித்தடம் தெரிந்தது. 1928 பெப்ரவரி 28 ஆம் திகதி இரச ஆவி விளக்கைப் பயன்படுத்தி நிறமாலைகாட்டியினூடாக நோக்கியபோது, புதிய கோடுகள் தனித்தனியே தெரிந்தன.

இதற்கான விளக்கத்தைப் பரீட்சைக்கு ஏற்றவாறு நினைவிற் கொள்ளுங்கள். ஒளிச்சக்தி போட்டோன்கள் எனப்படும் சிறு பொதிகளாகச் செல்கின்றது. போட்டோன் ஒன்று மூலக்கூறொன்றைச் சந்திக்கும்போது, சில வேளைகளில் தனது சக்தியின் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்து அதனை அதிரச் செய்கின்றது. எஞ்சிய குறைந்த சக்தியோடு போட்டோன் வெளியேறுகின்றது. சக்தி குறைந்தால் அலைநீளம் கூடும். அலைநீளம் கூடினால் நிறம் மாறும். இம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும் என்பதால், வெளிவரும் ஒளியைக் கொண்டே அது எந்தப் பொருள் எனக் கூற முடிகின்றது. இன்று மருந்துகளையும் இரத்தினக் கற்களையும் சேதப்படுத்தாமற் சோதிப்பதற்கு இம்முறை பயன்படுகின்றது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். இவ்வாறு நிறம் மாறும் போட்டோன்கள் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று மட்டுமே. அவ்வளவு மங்கலான ஒளியை முதலில் உணர்ந்த கருவி எது? விலையுயர்ந்த உபகரணம் எதுவுமில்லை, மனிதக் கண்தான்.

இக்கண்டுபிடிப்புக்காக 1930 ஆம் ஆண்டின் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. விஞ்ஞானத்தில் நோபல் பரிசு பெற்ற முதலாவது ஆசியர் அவரே. அதற்கு முந்திய ஆண்டில் சேர் பட்டம் கிடைத்திருந்தது. 1954 இல் இந்தியாவின் அதியுயர் விருதான பாரத ரத்னாவும் வழங்கப்பட்டது. பெப்ரவரி 28 ஆம் திகதி இந்தியாவில் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

5. கண்ணுக்குள் ஒளி செல்லும் பாதை

இராமனின் பிற்கால ஆராய்ச்சியை விளங்கிக்கொள்ள, கண்ணில் ஒளி செல்லும் பாதையை முதலில் மீட்டிப் பார்ப்போம்.

ஒளி முதலில் விழிவெண்படலத்தினூடாகச் செல்கின்றது. இது உயிருள்ள கலங்களைக் கொண்டிருந்தும் ஒளிபுகவிடுவது. இதில் குருதிக் கலன்கள் இல்லை. ஒளி மிகக் கூடுதலாக முறிவடைவது இங்கேதான். பின்னர் நீர்மயவுடனீர், கண்மணி, வில்லை, கண்ணாடியுடனீர் ஆகியவற்றினூடாகச் சென்று விழித்திரையை அடைகின்றது.

இனிப் பல மாணவர்கள் தவறவிடும் பகுதி வருகின்றது. ஒளியை உணரும் கலங்கள் விழித்திரையின் முன்பக்கத்தில் இருக்கும் எனவே நாம் எதிர்பார்ப்போம். உண்மையில் அவை பின்பக்கத்தில் உள்ளன. ஒளி முதலில் திரட்டுக் கலங்களின் படையையும், பின்னர் இருமுனைவுக் கலங்களின் படையையும் கடந்தே கோல்களையும் கூம்புகளையும் சென்றடைகின்றது. தெறிப்படையாமலும் சிதறாமலும் இந்தக் கலப்படைகளை ஒளி எவ்வாறு கடக்கின்றது? விழித்திரையின் குறுக்கே நீண்டு நிற்கும் முல்லர் கலங்கள் ஒளியிழைகளைப் போன்று ஒளியை வழிநடத்துகின்றன என்பதை 2007 இல் செருமனியின் லீப்சிக் நகர ஆய்வாளர்கள் கினியாப் பன்றியின் விழித்திரையிற் காட்டினர். மேலும், நாம் நேராகப் பார்க்கும்போது ஒளி குவியும் மஞ்சட்பொட்டின் நடுப்பகுதியில் மேற்படைகள் விலகி இருக்கின்றன. அதனால் ஒளி தடையின்றிக் கூம்புகளை அடைகின்றது.

மனிதக் கண் ஒன்றிற் கூம்புகள் ஏறத்தாழ 60 இலட்சம். கோல்கள் 9 கோடிக்கும் மேல். கூம்புகள் பிரகாசமான ஒளியிற் செயற்பட்டு நிறங்களை அறியச் செய்கின்றன. கோல்கள் மங்கலான ஒளியிற் செயற்படுகின்றன; அவற்றால் நிறத்தை அறிய முடியாது. கோலொன்றில் ஒரே ஒரு போட்டோன் பட்டாலே அது தூண்டப்படும்.

கோலில் உள்ள உரொடொப்சின் என்ற நிறப்பொருள் விற்றமின் ஏ யிலிருந்து பெறப்படும் மூலக்கூறொன்றைக் கொண்டுள்ளது. போட்டோனின் சக்தியை உறிஞ்சியதும் வளைந்திருந்த அம்மூலக்கூறு நிமிர்கின்றது. இந்தச் சிறு வடிவ மாற்றமே கலத்தில் மின் மாற்றத்தை ஏற்படுத்துகின்றது. இதனை ஆராய்ந்த ஜோர்ஜ் வோல்ட் 1967 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் ஏற்படுவது ஏன் என்பதற்கும் இதுவே விடை.

இதற்குப் பின் ஒளி என்று எதுவும் பயணம் செய்வதில்லை. ஒளிச்சக்தியின் வேலை கோலிலும் கூம்பிலும் முடிந்துவிடுகின்றது. அங்கிருந்து செய்தி எதிர்த் திசையில் இருமுனைவுக் கலங்களுக்கும், பின் திரட்டுக் கலங்களுக்கும் சென்று, பார்வை நரம்பின் சுமார் 10 இலட்சம் நார்களினூடாகக் கணத்தாக்கங்களாக மூளையை அடைகின்றது. அந்நார்கள் ஒன்றுசேர்ந்து கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் கோல்களும் இல்லை, கூம்புகளும் இல்லை. அதுவே குருட்டிடம்.

6. முதுமையில் ஒரு புதிய தேடல்

1933 இல் இராமன் பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் பணிப்பாளரானார். 1934 இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தை நிறுவினார். நிருவாகத்துடன் ஏற்பட்ட கருத்து வேறுபாடுகளால் 1937 இல் பணிப்பாளர் பதவியிலிருந்து விலகினாலும், 1948 வரை அங்கு பேராசிரியராகப் பணியாற்றினார். ஓய்வு பெற்றதும், அதே நகரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார். அங்கு மரங்களும் உரோசாச் செடிகளும் நிறைந்த தோட்டம் ஒன்றை உருவாக்கினார்.

எழுபது வயதைக் கடந்த பின்னர், மலர்களின் நிறங்கள் அவரைக் கவர்ந்தன. நிறமாலைகாட்டியினூடாகப் பூக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அப்போது ஒரு கேள்வி எழுந்தது. பூவிலிருந்து வருவது பல அலைநீளங்கள் கலந்த ஒளி. கண் காண்பதோ ஒரே நிறம். அப்படியாயின் நிறம் இருப்பது பூவிலா, ஒளியிலா, கண்ணிலா? இவ்வாறு அவர் மனிதக் கண்ணையே ஆராயத் தொடங்கினார்.

அதற்கும் அவர் எளிய முறையொன்றையே கையாண்டார். நிற வடிகட்டியொன்றினூடாகப் பிரகாசமான வெள்ளைத் திரையைச் சில கணங்கள் பார்த்துவிட்டு, வடிகட்டியைத் திடீரென அகற்றுவார். அப்போது திரையின் மீது ஒரு நிறக் காட்சி சிறிது நேரம் தோன்றி மறையும். தமது விழித்திரையின் மையப் பகுதியே பெருப்பிக்கப்பட்டு அவ்வாறு தெரிகின்றது என அவர் கூறினார். கத்தியும் நுணுக்குக்காட்டியும் இன்றி, உயிருள்ள தம் விழித்திரையைத் தாமே காண முயன்ற முயற்சி அது. மங்கலான ஒளியில் நிறங்கள் மறைவதையும் விரிவாக அவதானித்தார். இவை அனைத்தையும் தொகுத்து, பார்வையின் உடற்றொழிலியல் பற்றிய நூலொன்றை 1968 இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 80 ஐ நெருங்கியிருந்தது.

7. ஏற்றுக்கொள்ளப்படாத கருத்து

நிறப் பார்வை பற்றித் தோமஸ் யங் 1802 இல் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். கண்ணில் மூவகை உணரிகள் மட்டுமே உள்ளன, அவை தூண்டப்படும் அளவைப் பொறுத்தே எல்லா நிறங்களும் தோன்றுகின்றன என்பது அது. பின்னர் எல்மோற்சு அதனை விரிவாக்கினார்.

இராமன் இதனை மறுத்தார். நிறமாலையில் அத்தனை நுண்ணிய நிற வேறுபாடுகளைக் கண் பிரித்தறியும்போது மூவகை உணரிகள் எவ்வாறு போதும் எனக் கேட்டார். மஞ்சள் தனியொரு நிறமாக அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது சிவப்பும் பச்சையும் சேர்ந்து தோன்றுவது என்பதை அவர் ஏற்கவில்லை. மஞ்சட்பொட்டிலுள்ள மஞ்சள் நிறப்பொருளே நீல ஒளியை உணர்கின்றது எனவும் கருதினார்.

ஆனால் 1964 இலேயே, தனித்தனிக் கூம்புகள் உறிஞ்சும் ஒளியை அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்திருந்தனர். மூவகைக் கூம்புகளே இருந்தன. ஒரு வகை சுமார் 420 நனோமீற்றர், இன்னொரு வகை சுமார் 530 நனோமீற்றர், மூன்றாம் வகை சுமார் 560 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை மிகக் கூடுதலாக உறிஞ்சுகின்றன. மஞ்சட்பொட்டின் மஞ்சள் நிறப்பொருள் ஓர் உணரி அன்று. மிகையான நீல ஒளியைத் தடுத்துக் கூம்புகளைக் காக்கும் வடிகட்டி அது. இராமனின் அவதானிப்புகள் பல நுணுக்கமானவை. ஆனால் அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவை அளவீடுகள் ஆதரிக்கவில்லை. எனவே அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

இதனை நீங்களே சோதிக்கலாம். தொலைபேசித் திரையில் மஞ்சள் நிறப் படமொன்றை வைத்து, அதன்மீது மிகச் சிறிய நீர்த்துளி ஒன்றை இடுங்கள். துளி வில்லையாகச் செயற்படும். உற்றுப் பார்த்தால், அங்கே ஒளிர்வன சிவப்பு, பச்சைப் புள்ளிகளே என்பது தெரியும். மஞ்சள் ஒளி திரையில் எங்கும் இல்லை. மஞ்சள் என்ற உணர்வு உங்கள் கண்ணிலும் மூளையிலும் உருவாகின்றது.

இராமன் கூறியதில் எது சரி என்பதையும் சோதிக்கலாம். மாலையில் வீட்டு முற்றத்துச் செவ்வரத்தம்பூ ஒன்றை அவதானியுங்கள். அந்தனை மலைக்குப் பின்னால் சூரியன் மறைந்த பின்னர், பூவின் சிவப்புக் கறுத்துக்கொண்டே போகும். இலைகளோ ஒப்பீட்டளவில் வெளிறித் தெரியும். மேலும் இருண்டால் இரண்டும் சாம்பல் நிறமாகிவிடும். கூம்புகள் ஓய்ந்து, சிவப்பு ஒளியை மிகக் குறைவாகவே உணரும் கோல்கள் வேலையைப் பொறுப்பேற்பதே காரணம். கவனம்: சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்காதீர்கள், வடிகட்டியினூடாகவோ வில்லையினூடாகவோ பார்ப்பதும் கண்ணைக் குருடாக்கும்.

மாணவர்களே, இங்கு ஒரு வினா எழக்கூடும். நோபல் பரிசு பெற்றவர் கூறியதை மற்றவர்கள் எவ்வாறு மறுக்கலாம்? இதற்கு விடை இராமனின் வாழ்விலேயே உண்டு. 1921 இல் அவர் மறுத்த ரேலேயும் நோபல் பரிசு பெற்றவரே. அன்று கையில் இருந்த அரியம் காட்டியதை நம்பி, இளம் பேராசிரியரான இராமன் பெரியவரின் கருத்தைத் திருத்தினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே விதி அவருக்கும் பொருந்தியது. விஞ்ஞானத்தில் ஒரு கருத்தின் தகுதியைச் சோதனை தீர்மானிக்கின்றது. கூறியவரின் பதவியும் பரிசும் அதற்கு ஈடாகா.

8. இறுதிக் காலம்

இராமன் இறுதிவரை ஓயவில்லை. 1970 நவம்பர் 21 ஆம் திகதி, தமது 82 ஆவது வயதில் பெங்களூரிற் காலமானார். அவர் விரும்பியவாறே, ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்திலேயே அவரது உடல் தகனம் செய்யப்பட்டது. அவருடைய அண்ணனின் மகனான சுப்பிரமணியன் சந்திரசேகர், நட்சத்திரங்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983 இல் நோபல் பரிசு பெற்றார். இராமன் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்கி வருகின்றது.

நினைவில் நிறுத்துக

• கடலின் நீலத்தில் நீர் மூலக்கூறுகளால் ஒளி சிதறுவதற்குப் பங்குண்டு என்பதை இராமன் 1921 இற் காட்டினார்.
• இராமன் விளைவு: சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி மூலக்கூறுகளுடன் சக்தியைப் பரிமாறி, அலைநீளம் மாறி வெளிவருதல். கண்டறியப்பட்ட நாள் 1928 பெப்ரவரி 28. நோபல் பரிசு 1930.
• விழித்திரையில் ஒளி செல்லும் வரிசை: திரட்டுக் கலங்கள், இருமுனைவுக் கலங்கள், கோல்களும் கூம்புகளும். செய்தி திரும்பும் வரிசை இதற்கு எதிரானது.
• ஒளி மூளைக்குச் செல்வதில்லை, கணத்தாக்கங்களே செல்கின்றன.

பயிற்சி வினாக்கள்

1. பெருமழைக்குப் பின்னர் மகாவலியின் நீரும், தெளிந்த ஆழ்கடலின் நீரும் வேறுபட்ட நிறங்களிற் தெரிவது ஏன்?
2. நிக்கல் அரியத்தினூடாகக் கடலைப் பார்த்தபோது நீல நிறம் மறைந்திருப்பின், இராமன் எந்த முடிவுக்கு வந்திருப்பார்?
3. விழிவெண்படலத்திலிருந்து கூம்பு வரை ஒளி கடக்கும் பகுதிகளை வரிசைப்படுத்தி எழுதுக.
4. நிலவொளியிற் செவ்வரத்தம்பூவின் சிவப்பை அறிய முடியாதிருப்பதற்குக் காரணம் தருக.
5. நிறப் பார்வை பற்றிய இராமனின் கருத்து ஏற்றுக்கொள்ளப்படாமைக்கு ஆதாரமாக அமைந்த அளவீடு யாது?